காலியாக விட்ட மூன்றாவது குழி

1

இந்தக் கதையை ஒரு முயலைப் பற்றித்தான் எழுத ஆரம்பித்தேன். யாராவது கண்டுபிடித்துக் கேட்பதற்குள் நானே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வேடிக்கைக் கதையாக வரவேண்டியது. ஒரு பத்திரிகைக்கு ஆறு பக்கம் தருவதாக வாய் விட்டிருந்தேன், கைவசம் சரக்கு இல்லை. அப்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சமையலறையில் தேநீரை ஆற்றிக்கொண்டே அக்கா சொன்னாள்:

"முயல் செத்துப் போச்சுடா."

"எந்த முயல்?"

"பாட்டில் முயல்."

அக்காவுக்கு ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் இருபத்திரண்டு வருட வேலை. விஞ்ஞானி இல்லை, விஞ்ஞானிகள் யோசிப்பதைக் கையால் செய்து பார்ப்பவள். அவள் புழங்கும் பொருட்களில் ஒன்று ஆன்டிபாடி. மருந்து போல இருக்கும். (மருந்து இல்லை. "மருந்துன்னு எழுதி வைக்காதே, எவனாவது குடிச்சுத் தொலைப்பான்" என்கிறாள்.) மனித உடம்பில் இருக்கும் ஒரு புரதத்தை முயலுக்கு ஊசி போட்டால், முயலின் ரத்தம் அதை அந்நியன் என்று நினைத்து, தேடிப்போய்ப் பிடித்துக்கொள்ளும் ஒன்றைத் தயாரிக்கும். அதைப் பிரித்தெடுத்துச் சின்னக் குப்பியில் அடைத்து, எண் போட்டு, குளிரில் வைத்து அனுப்புகிறார்கள். எந்த ஆராய்ச்சிக் கூடத்திலும் அந்தப் புரதம் இருக்கிறதா இல்லையா என்று பார்க்க அந்தக் குப்பி போதும். ஆனால் முயலுக்கும் ஆயுசு உண்டே. ஒரு நாள் அது போய்விடும். வேறொரு முயலுக்கு அதே ஊசி. அதே பெயர், அதே லேபிள். மூலையில் பொடி எழுத்தில் இருக்கும் தயாரிப்பு எண் மட்டும் மாறும்.

"ரெண்டு முயலும் ஒரே மாதிரி வேலை செய்யுமா?" என்று கேட்டேன்.

அக்கா ஆற்றுவதை நிறுத்தினாள். "செய்யும்னுதான் நெனச்சேன்" என்றாள்.

அந்தப் பதிலை நான் கவனிக்கவில்லை. எழுந்து போய் நோட்டை எடுத்து வந்து, 'முயல்' என்று எழுதி அடிக்கோடு போட்டேன். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுதுகிறவனைத் தம்பியாகப் பெற்றவர்களுக்கு இதுதான் தலைவலி. வீட்டில் ஒருவர் வாய் திறந்தால் இவன் முகத்தைப் பார்க்க மாட்டான், நோட்டைத் தேடுவான்.

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன். கிழித்துப் போட மனம் வரவில்லை.

அ. 'தான் உலகப் புகழ் பெற்றிருப்பது அந்த முயலுக்குத் தெரியாது.' (சிரிப்பு வருகிறதல்லவா? எனக்கும் வந்தது. அன்று மதியம் அக்கா முழுவதையும் சொன்னாள். அதற்குப் பிறகு வரவில்லை.)

ஆ. 'மைட்டோகாண்ட்ரியா என்பது ஒவ்வொரு செல்லுக்குள்ளும்' — பள்ளிக்கூடப் பாடம் மாதிரி இருந்தது. பாதியில் விட்டுவிட்டேன்.

இ. 'ஒரு தாய், தன் இரண்டாவது குழந்தையை மழையில் தூக்கிக்கொண்டு போனதால்தான் அது இறந்தது என்று நம்புகிறார். அது உண்மையில்லை என்று இன்னொரு பெண்ணுக்குத் தெரியும். அந்த இன்னொரு பெண் என் அக்கா.'

மூன்றாவதை வைத்துக்கொண்டேன். இதுதான் கதை. அக்கா அந்தத் தாயிடம் உண்மையைச் சொல்வாளா, மாட்டாளா? வேறு ரகசியம் எதையும் நான் ஒளித்து வைக்கவில்லை. கடைசிப் பக்கத்துக்குத் தாவுகிற பழக்கமுள்ள வாசகரே, தாவுங்கள். அங்கேயும் முடிவு எழுதியிருக்காது.

3

அந்தத் தாய் பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் பேசுகிறவர். எந்தப் பேருந்து எந்த நடைமேடைக்கு வரும், எது எத்தனை நிமிடம் தாமதம் என்று சொல்லும் குரல் அவருடையது. அக்கா தினமும் அங்கேதான் பேருந்து மாறுவாள். அதனால் முகம் தெரிவதற்குப் பல வருடங்கள் முன்பே குரல் தெரியும். இந்தக் கதையில் அவரை அறிவிப்பாளர் என்றே எழுதுகிறேன்.

அவருக்கு ஒரு பெண் குழந்தை இருந்தது. பிறந்த அன்றே மருத்துவமனை வராந்தா முழுக்கக் கேட்கும்படி அழுததால் வீட்டில் 'டமாரம்' என்று பெயர். எட்டு மாதத்தில் உட்கார்ந்தவள் பத்தாம் மாதத்தில் உட்கார முடியாமல் சாய்ந்தாள். பிறகு தலை நிற்கவில்லை. பிறகு அழுகைச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. கடைசி மாதங்களில் அவள் அழுவது பக்கத்தில் போய்க் குனிந்தால்தான் கேட்கும் என்று அறிவிப்பாளர் சொல்லியிருக்கிறார். இரண்டரை வயதில் போய்விட்டாள்.

மூக்கால் இழுக்கிற மூச்சு பாதி வழிதான் என்று அக்கா விளக்குவாள். அந்தக் காற்று ஒவ்வொரு செல்லுக்குள்ளும் போய்ச் சேர்ந்த பிறகு, அதைச் சக்தியாக மாற்ற வரிசையாகக் கைமாற்றிவிடும் புரதங்கள் இருக்கின்றன. அந்த வரிசைக்குச் சுவாசச் சங்கிலி என்று பெயர். அதில் ஒரு கண்ணி இல்லையென்றால், குழந்தை மூச்சு விட்டுக்கொண்டே மூச்சு முட்டிச் சாகும்.

டமாரத்தின் கையிலிருந்து ஒரு துளித் தோலை எடுத்து, குழந்தை மருத்துவர் அக்காவின் ஆராய்ச்சிக் கூடத்துக்கு அனுப்பினார். அக்கா அதிலிருந்து செல்களை வளர்த்தாள். செல்களை உடைத்து, அதன் புரதங்களைக் கூழ் போன்ற ஒரு ஜெல்லின் குழியில் ஊற்றி, மின்சாரம் பாய்ச்சிப் பிரித்து, வெள்ளைச் சவ்வில் ஒற்றியெடுத்து, மேலே ஆன்டிபாடியை விட்டால், தேடுகிற புரதம் இருக்கும் இடத்தில் ஒரு கறுப்புக் கோடு தெரியும். ஒரு ஆளுக்கு ஒரு குழி. கோடு இருந்தால் புரதம் இருக்கிறது. டமாரத்தின் குழிக்கு நேரே கோடு இல்லை. சங்கிலியின் ஒரு கண்ணி அவளுக்கு இல்லவே இல்லை. மரபணுவில் எங்கே பிழை என்று எவ்வளவோ தேடியும் கிடைக்கவில்லை. கோடு வராத அந்தக் காலி இடம் ஒன்றுதான் கிடைத்த விடை.

மிச்சச் செல்களைப் பன்னிரண்டு குப்பிகளில் போட்டு, நைட்ரஜன் தொட்டியில் உறைய வைத்தார்கள். வரிசையில் அவள் எண் பதினேழு.

ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட அறிவிப்பாளர் ஆராய்ச்சிக் கூடத்துக்கு வந்தார். போட்டுவிட்டு, பேனாவை மூடாமல் கேட்டார்:

"அக்கா, அந்தச் செல்லெல்லாம் உயிரோட இருக்கா?"

"உறைஞ்சு இருக்கும்மா. எடுத்து வெதுவெதுப்பா வெச்சா மறுபடி வளரும்."

"பாக்கலாமா?"

பார்க்கக் கூடாதுதான். அக்கா தொட்டியைத் திறந்து காட்டினாள். வெள்ளைப் புகை வழிந்தது.

"குளிருமோ அவளுக்கு" என்று கேட்டுவிட்டு, "பைத்தியம் மாதிரி பேசறேன்ல" என்று அவரே சிரித்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் குழந்தையின் பிறந்தநாளன்று ஒரு தொலைபேசி வரும். "டமாரம் பத்திரமா இருக்காளா?" அக்கா போய்த் தொட்டியைத் திறந்து, எண்ணைப் பார்த்துவிட்டு வந்துதான் பதில் சொல்வாள்: "பத்திரமா இருக்காம்மா."

(இந்த இடத்தில் எனக்கு ஒரு தயக்கம். இந்தத் தொலைபேசியை நான் கற்பனையாகச் சேர்த்தேன் என்று நினைப்பீர்கள். கதையில் நான் சேர்த்தவை சில உண்டு. இது இல்லை.)

4

ஐந்து வருடம் கழித்து அறிவிப்பாளர் மறுபடி உண்டானார். பதினோராவது வாரம் நஞ்சுக்கொடியிலிருந்து கொஞ்சம் திசு எடுத்து அனுப்பிவிட்டு, குழந்தை மருத்துவர் அக்காவுக்குத் தொலைபேசியில் பேசினார். கோடு இல்லையென்றால் கலைத்துவிடுவது, இருந்தால் பெற்றுக்கொள்வது என்று கணவனும் மனைவியும் அழுது முடித்து ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள்.

"அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்ல முடியுமா? நாள் தள்ளிட்டே போகுது" என்றார் மருத்துவர்.

இப்போது இந்த வேலையின் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். இது புரிந்தால் போதும், கதை முழுவதும் புரிந்த மாதிரி. ஒவ்வொரு தடவையும் மூன்று குழிகள் நிரப்ப வேண்டும். முதல் குழியில் நல்ல உடம்புள்ள ஒருவரின் செல். இரண்டாவதில், யாருக்குப் பார்க்கிறோமோ அவருடையது. மூன்றாவதில், அந்தப் புரதம் இல்லவே இல்லை என்று ஏற்கெனவே தெரிந்த ஒருவருடையது. மூன்றாவதில் கோடு வரக் கூடாது. வந்தால், ஆன்டிபாடி வேறு எதையோ பிடித்துக்கொண்டு பொய் சொல்கிறது என்று பொருள்.

முதல் குழியில் போடுவது அக்காவின் செல்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கொடுத்தது. முழங்கைக்கு மேல் பட்டாணி அளவு தழும்பு இன்னும் இருக்கிறது. மூன்றாவது குழிக்கு டமாரம்.

பன்னிரண்டு குப்பிகளில் பதினொன்று இப்படியே, மற்றவர்களின் குழந்தைகளுக்காகத் தீர்ந்து போயிருந்தன. ஒன்று பாக்கி. உறைய வைப்பதற்கு முன்பே பலமுறை வளர்த்து வளர்த்து அந்தச் செல்கள் கிழடு தட்டியிருந்தன. எடுத்தால் மறுபடி பிழைக்கும் என்று உத்தரவாதமில்லை.

அக்கா தொட்டியைத் திறந்தாள். குப்பியைப் பார்த்தாள். மூடிவிட்டாள்.

அந்த வாரம்தான் பழைய ஆன்டிபாடி தீர்ந்து, புதுக் குப்பி வந்திருந்தது. புது முயல். அக்கா பொடி எழுத்தைப் படித்தாள், மாறியிருப்பதைக் கவனித்தாள், நோட்டில் குறித்தும் வைத்தாள். அதற்குக் கீழே எழுதியிருப்பதை என்னிடம் காட்டினாள்: '17 போடவில்லை. கடைசிக் குப்பி.' அழகான கையெழுத்து. தப்பைக்கூட ஒழுங்காக எழுதி வைக்கிறவள்.

இரண்டு குழிகள் நிரம்பின. மூன்றாவது காலி. அக்காவுக்கு நேரே ஒரு கோடு. பிறக்காத குழந்தைக்கு நேரே ஒரு கோடு. இரண்டும் நல்ல அடர்த்தி. மருத்துவரிடம் தொலைபேசியில் அப்படியே சொன்னாள்.

மறுநாள் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர் தன் ஒலிபெருக்கிக் கூண்டை விட்டு வெளியே ஓடிவந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "கோடு இருக்காமே அக்கா" என்றார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார்.

5

சின்னவன் பிறந்தான். நான்கு மாதம் நன்றாக இருந்தான். ஐந்தாம் மாதம் ஒரு நாள் தடுப்பூசி போட்டுவிட்டுத் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. குடை இல்லை. அன்று மாலை காய்ச்சல். அதற்குப் பிறகு அவன் தேறவே இல்லை. பால் குடிக்கவில்லை, தலை நிற்கவில்லை, மூச்சு வேகமாக வாங்கியது. ஏழாம் மாதம் முடிவதற்குள் போய்விட்டான்.

டமாரத்துக்கு வந்த அதே நோய் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லியிருக்கலாம். யாரும் சொல்லவில்லை. கோடு இருந்ததே. மருத்துவருக்கே குழப்பம். புரதம் இருக்கிறது, எனவே அந்த நோய் இல்லை, எனவே வேறு காரணம். வேறு காரணம் தேடினால் கைக்கெட்டும் தூரத்தில் மழை இருந்தது.

"பச்சக் குழந்தைய மழையில தூக்கிட்டு அலைஞ்சா வேற என்ன ஆகும்" என்று மாமியார் ஒரே ஒரு தடவை சொன்னாராம். கணவர் ஒன்றும் சொல்லவில்லை. 'அப்படியெல்லாம் இல்லை' என்றும் அவர் சொல்லவில்லை.

நாற்பது நாள் கழித்துக் குரல் வேலைக்குத் திரும்பியது. அதே குரல், அதே நிதானம். வானம் கறுத்தால் மட்டும், அறிவிப்புக்கு நடுவே ஒரு நொடி நின்று போகுமாம். வேறு யாருக்கும் தெரியாது. அக்காவுக்குத் தெரிந்தது. ஒருநாள் அறிவிப்பாளரே, அழாமல், அக்காவிடம் சொன்னார்: "ஒரு குடை எடுத்துட்டுப் போயிருந்தா அவன் இருந்திருப்பான்க்கா."

அன்று அக்காவுக்கு ஒன்றும் தெரியாது. "அப்படி நினைக்காதேம்மா" என்று சொல்லிவிட்டுப் பேருந்தில் ஏறினாள்.

6

தெரிந்தது அதற்கு அடுத்த மாதம். அந்தப் புரதத்தின் மரபணுவே இல்லை என்று ஏற்கெனவே தெரிந்த வேறொரு குழந்தையின் செல். கோடு இருக்கவே முடியாத இடத்தில் கோடு வந்து உட்கார்ந்திருந்தது. அக்கா குப்பியை எடுத்து, பொடி எழுத்தில் இருந்த எண்ணை மறுபடி படித்துப் பார்த்தாளாம்.

வேறொரு ஆராய்ச்சிக் கூடத்தில் இருக்கும் தோழியிடம் பழைய முயலின் ஆன்டிபாடி இன்னும் சில துளிகள் மிச்சம் இருந்தன. அதை வாங்கி வந்தாள். பிறகு தொட்டியைத் திறந்து, கடைசிக் குப்பியை எடுத்தாள். அன்று எடுக்காததை.

பாதியைச் சோதனைக்கு உடைத்தாள். மீதியைச் செல் வளர்க்கும் ஊட்டக் கரைசலில் போட்டு, வளருமா பார்ப்போம் என்று வைத்தாள். மூன்று குழிகளும் நிரம்பின. அக்கா, சின்னவன், டமாரம். சின்னவனுடையது கர்ப்பத்தில் எடுத்த திசுவில் மிச்சம் வைத்திருந்தது.

புது முயல்: மூன்றிலும் கோடு.

பழைய முயல்: அக்காவுக்கு மட்டும் கோடு. பக்கத்தில் இரண்டு வெள்ளை இடம்.

அந்தச் சவ்வின் படத்தை எனக்குக் காட்டினாள். நான் கதைக்கு ஆகும் என்று உற்றுப் பார்த்தேன். அக்கா, "பக்கத்துல பக்கத்துல இருக்குங்க பாரு" என்றாள். அப்புறம் அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அம்மா போனபோது ஒரு தடவை, இப்போது ஒரு தடவை.

ஆராய்ச்சிக் கூடத்தின் தலைவரை எல்லாரும் 'பெரியவர்' என்பார்கள். அவரிடம் படத்தைக் கொண்டுபோய் வைத்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றினார். முகத்தில் ஈயாடவில்லை. "நாம எழுத்துல எந்த ரிப்போர்ட்டும் குடுக்கலம்மா. குப்பியிலேயே போட்டிருக்கு, ஆராய்ச்சிக்கு மட்டும், நோய் கண்டுபிடிக்க அல்லன்னு. இனிமே சொல்லி அந்தப் பொண்ணுக்கு என்ன ஆகப் போகுது? புண்ணைக் கிளறின மாதிரி ஆயிடும்" என்றார்.

அவரைக் கெட்டவராக எழுத ஒரு பக்கம் வீணாக்கினேன். அக்கா படித்துவிட்டு அடித்துவிட்டாள். அன்று மாலையே அவர் தனக்குத் தெரிந்த எல்லா ஆராய்ச்சிக் கூடங்களுக்கும், இந்தத் தயாரிப்பு எண்ணை நம்பாதீர்கள் என்று கடிதம் அனுப்பினார். குழந்தை மருத்துவருக்கும் போனது. எங்கெங்கோ இருக்கிற முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் தெரிந்துவிட்டது. பேருந்து நிலையத்தில் ஒருவருக்குத்தான் தெரியாது.

அக்கா அதற்குப் பிறகு இரண்டு நிறுத்தம் முன்னதாகவே இறங்கி நடக்க ஆரம்பித்தாள்.

7

இப்போது என் பாத்திரத்தின் மீது எனக்கே வந்த சந்தேகம். அக்கா ஏன் அன்று அந்தக் குப்பியை எடுக்கவில்லை?

முதல் பிரதியில், 'பாசத்தால்' என்று எழுதியிருந்தேன். வருடா வருடம் பத்திரமாக இருக்கிறாள் என்று ஒரு தாய்க்குச் சொன்ன வாக்கைக் காப்பாற்றுவதற்காக. படிக்கிறவர்களுக்கும் அதுதான் பிடிக்கும். ஆனால் செல்லை எடுத்து வளர்க்க முழுசாகப் பத்து நாள் ஆகும், தினமும் போய்ப் பார்க்க வேண்டும், அதற்கு நடுவே ஒரு ஞாயிற்றுக்கிழமையும் வரும் என்று அவள் பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருந்தாள். வெள்ளிக்கிழமை கெடு வேறு. எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது.

துணி மடித்துக்கொண்டிருந்தவளிடம் கேட்டேன். "அக்கா, உண்மையச் சொல்லு. பாசத்துல விட்டியா, சோம்பேறித்தனத்துல விட்டியா?"

கையிலிருந்த சட்டையை என் மேல் வீசினாள். "கதைக்கு எது வசதியோ அதை எழுதிக்கோ, போ" என்றாள். எழுந்து போனாள். குழாயைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து, வீசிய சட்டையை எடுத்து மடித்தபடியே சொன்னாள்:

"ரெண்டும்தான்டா. அந்தக் குழந்தைய எடுக்க மனசு வரலன்னு நெனச்சேன். அப்படி நெனச்சதும் பத்து நாள் வேலை மிச்சமாச்சு. எது முதல்ல வந்துச்சுன்னு எனக்கே தெரியல. தெரிஞ்சா நிம்மதியா இருக்கும்."

நான் இதை மெருகேற்ற முயன்றேன். முடியவில்லை. அப்படியே விட்டிருக்கிறேன்.

8

முடிவுகள். மூன்று எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு: அக்கா கூண்டுக்குள் போகிறாள், எல்லாவற்றையும் சொல்கிறாள். அறிவிப்பாளர் அவளைக் கட்டிக்கொண்டு அழுகிறார். மன்னிப்பு. வெளியே மழை நிற்கிறது. (எழுதும்போதே எனக்குக் கூச்சமாக இருந்தது. அடுத்தவர் மன்னிப்பை நான் யார் எழுதித் தர?)

இரண்டாம் முடிவு: அறிவிப்பாளர் அறைகிறார். அக்கா வாங்கிக்கொள்கிறாள். கணக்கு நேராகிவிட்டது. (ஆகாது. அறை வாங்கினால் அக்காவுக்கு வேண்டுமானால் ஆறுதலாக இருக்கும். இன்னொருவர் கையை நம் ஆறுதலுக்குப் பயன்படுத்துவது என்ன நியாயம்?)

மூன்றாம் முடிவு: அக்கா சொல்லவே இல்லை. ஓய்வு பெறுகிறாள். ஒலிபெருக்கியில் 'தாமதத்துக்கு வருந்துகிறோம்' என்று அந்தக் குரல் சொல்வதோடு கதை முடிகிறது.

மூன்றாவது எனக்குப் பிடித்திருந்தது. கை தட்டுவார்கள் என்று தெரியும். அக்காவிடம் படித்துக் காட்டினேன்.

"அசிங்கமா இருக்கு, எடு" என்றாள்.

"ஏன்?"

"அவங்க வேலைக்குச் சொல்ற வார்த்தைய எடுத்து நம்ம பாவத்துக்கு ஒட்டுற. அதுவும் அழகுக்காக."

எடுத்துவிட்டேன். (எடுத்துவிட்டேன் என்று சொல்லி இங்கே வைத்தும் இருக்கிறேன். என் புத்தி இவ்வளவுதான்.)

"அப்போ நேர்ல போய்ச் சொல்லிடு" என்றேன். கோபத்தில்தான் சொன்னேன்.

அக்கா சொன்னாள்: "நாலு தடவை போனேன். கூண்டு வரைக்கும் போயிட்டு வந்துட்டேன். நான் சொல்ல ஆரம்பிச்சா அழுதுடுவேன்டா. நான் அழுதா அவங்க என்னைச் சமாதானப்படுத்துவாங்க. அவங்க அப்படித்தான். ரெண்டு பிள்ளையப் பறிகொடுத்தவங்க என் முதுகைத் தடவிக் குடுப்பாங்க. அது மட்டும் நடக்கவே கூடாது."

அதற்குப் பிறகு, "நீதான் எழுதுறியே. எழுது. பேப்பர் அழாது" என்றாள்.

9

என்னை எழுதச் சொன்னாலும், ஒரு பக்கம் அவளும் எழுதினாள். அவள் நோட்டில் எழுதுகிற மாதிரியே, தேதி போட்டு. அதை இங்கே அப்படியே தருகிறேன்.

'உங்கள் இரண்டாவது குழந்தைக்கும் முதல் குழந்தைக்கு இல்லாத அதே புரதம் இல்லை. அது கர்ப்பத்திலேயே இல்லை. இருக்கிறது என்று நான் சொன்னது தவறு. சரிபார்க்கும் குழியை நான் காலியாக விட்டேன். குழந்தை இறந்ததற்கு மழை காரணம் இல்லை. நீங்கள் காரணம் இல்லை.'

ஆறு வரி. நான் இத்தனை பக்கம் சுற்றி வளைத்ததை அவள் ஆறு வரியில் சொல்லிவிட்டாள். பொறாமையாகக்கூட இருந்தது.

'ஏழு மாதமாவது அவனை மடியில் வைத்திருந்தீர்களே' என்று ஏழாவது வரி ஒன்று நான் சேர்க்கப் பார்த்தேன். அக்கா பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். "அதை அவங்க சொன்னா சொல்லலாம். நாம சொல்றதுக்கு நமக்கு வாய் கிடையாது."

10

பத்திரிகைக்கு வேறு ஒரு கதை கொடுத்துவிட்டேன். இதை ஒரே ஒரு பிரதி எடுத்து, அக்காவின் ஆறு வரியை முதல் தாளாக வைத்து, உறையில் போட்டு ஒட்டினேன். நாளைக் காலை அக்கா தன் நிறுத்தத்திலேயே இறங்குவாள். கூண்டின் சின்ன ஜன்னல் வழியாக உறையை நீட்டிவிட்டு, மூன்றாம் நடைமேடையின் கடைசி பெஞ்சில் போய் உட்காருவாள். ஓடிவிட மாட்டாள். நீங்கள் கூப்பிட்டால் வருவாள், கூப்பிடாவிட்டால் அன்றைய வேலைக்குப் போவாள். உங்களைப் பார்த்து அழ மாட்டேன் என்று எனக்குச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறாள்.

ஆமாம், உங்களிடம்தான் பேசுகிறேன் அம்மா. இத்தனை நேரம் வாசகரே என்று யாரையோ கூப்பிட்டது, எனக்குக் கூச்சம் தெளிவதற்காக. முயல் கதை என்று தொடங்கியதும் அதற்காகத்தான்.

ஒரு பாரத்தை உங்கள் தலையிலிருந்து இறக்கி, இன்னொன்றை ஏற்றுகிறோம் என்று தெரியும். குடை எடுக்காததால் அவன் போகவில்லை. ஆனால் பதினோராவது வாரமே உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒன்றை நாங்கள் தெரியாமல் செய்துவிட்டோம். தெரிந்திருந்தால் நீங்கள் என்ன செய்திருப்பீர்களோ, அதைத் தீர்மானிக்கும் உரிமையை உங்களிடமிருந்து எடுத்துக்கொண்டோம். இதற்கு நீங்கள் கோபப்படலாம், புகார் கொடுக்கலாம். அக்காவின் நோட்டில் எல்லாம் இருக்கிறது. ஒரு வரிகூட அவள் அழிக்கவில்லை.

(இதை வேறு யாராவது படித்துக்கொண்டிருந்தால், வெளியிடலாம் என்று அறிவிப்பாளர் சொல்லியிருக்கிறார் என்று பொருள். அதற்கு மேல் ஒரு பொருளும் கொள்ள வேண்டாம். மன்னித்தாரா, கத்தினாரா, பெஞ்சுப் பக்கம் வந்தாரா என்று நான் எழுதப் போவதில்லை.)

இன்னும் ஒன்று பாக்கி. மீதிப் பாதிச் செல்லை ஊட்டத்தில் போட்டு வைத்ததாகச் சொன்னேன் அல்லவா? முதல் வாரம் ஒன்றும் நடக்கவில்லை. அக்கா ஆசையை விட்டுவிட்டாள். இரண்டாம் வாரம் பார்த்தபோது நான்கைந்து இடத்தில் ஒட்டிக்கொண்டு, மெதுவாகப் பரவ ஆரம்பித்திருந்தன. கிழடு தட்டிய செல்கள், அதிகம் தாங்காது. ஆனாலும் இன்று காலை வரைக்கும் டமாரம் உயிரோடு இருக்கிறாள், முப்பத்தேழு டிகிரி வெதுவெதுப்பில். குளிரவில்லை.

மறுபடி உறைய வைக்கலாம். அப்படியே வளரும் வரை வளர விடலாம். போதும் என்று நிறுத்தியும்விடலாம். இத்தனை வருடமாக உங்களைக் கேட்காமல் அவளை நாங்கள் பன்னிரண்டு தடவை எடுத்தோம், ஒரு தடவை எடுக்காமல் விட்டோம். இனி நாங்களாக ஒன்றும் செய்வதாக இல்லை. அது உங்கள் பெண்.

திங்கட்கிழமை காலை ஊட்டம் மாற்ற வேண்டும். அதற்குள் சொன்னால் போதும். நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால், அக்கா மாற்றிவிடுவாள்.